இடது தோள் இறக்கம்

பயிற்சி விடுதி,
ஜூன் 12

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு வந்ததுதானா என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகவரி சரியாக இருக்கிறது. தபால்தலை கோணாமல் ஒட்டியிருக்கிறது. உள்ளே "மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, "தங்கள் உடல்நலத்தைப் பேணவும்" என்று முடித்திருக்கிறாய். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நீ வாசலில் நின்று சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. "போய்த் தொலை, ஜன்னல் கட்டில் இனிமே எனக்குத்தான்." தங்கள், பேணவும் எல்லாம் எந்தக் கடையில் வாங்கினாய்?

இங்கே எங்கள் ஃபோன்களை எல்லாம் வார்டனம்மா பூட்டி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் மேஜை ஃபோனில் வீட்டுக்குப் பேசலாம். பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். போன வாரம் அம்மா சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது.

"அவ இப்பல்லாம் தங்கமா இருக்காடி. நான் எழுந்திரிக்கறதுக்குள்ள பாத்திரம் கழுவி, கடைய கூட்டி, டீ போட்டு வெச்சுடறா. வெட்டுத்துணிய எல்லாம் கலர் வாரியா அடுக்கிட்டா. எதுத்து ஒரு வார்த்த பேசறதில்ல."

நீயா? பாத்திரம் கழுவச் சொன்னால் வயிற்று வலி என்று சுருண்டு படுத்து, ஒரு சொட்டுக் கண்ணீரும் விடத் தெரிந்த நீயா? ஃபோனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். வர மாட்டேன் என்றாயாம்.

உண்மையைச் சொல்லிவிடு. என்ன செய்தாய்? யாருடைய துணியைப் பாழாக்கினாய்? அம்மாவின் ஆல்ட்ரேஷன் கடையில் நீ செய்யாத அட்டூழியம் கிடையாது. பட்டனுக்குப் பதில் நூலுருண்டையை வைத்துத் தைத்துவிட்டு "புது ஃபேஷன்" என்று வாடிக்கையாளரையே நம்ப வைத்தவள் நீ. இந்தத் தடவை ஏதோ பெரிதாகச் செய்துவிட்டு, அம்மாவை ஐஸில் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் என் புத்திக்குப் படுகிறது.

இன்னொன்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூடிக் கிடக்கும் செடி நர்சரியின் கண்ணாடிக் கொட்டகைக்கு நீயும் உன் கூட்டாளி சோடாபுட்டியும் இன்னும் போகிறீர்களா? அங்கே மினுமினுவென்று ஆட்கள் இருக்கிறார்கள், விரல் உயரமும் ஆவார்கள், ஆள் உயரமும் ஆவார்கள், நீ அவர்களுக்கு மினுக்கிகள் என்று பெயர் வைத்திருக்கிறாய் என்று நான் கிளம்புமுன் கோடை விடுமுறையில் கதை விட்டாய். தேவதைகளா என்று கேட்டேன். "சீ, அதுங்களுக்கு அவ்வளவு நல்ல புத்தியெல்லாம் கிடையாது" என்றாய். நீ விட்ட புளுகுகளிலேயே அழகானது என்பதால் கடைசிவரை கேட்டேன். மற்றபடி நம்பவில்லை. ஆனால் கொட்டகையின் மரச்சட்டம் இற்றுப்போயிருக்கும், கண்ணாடி தலையில் விழும். போகாதே.

பதில் எழுது. ஒழுங்காக எழுதாதே. நீயாக எழுது.

மூக்கில் வியர்வையுடன்,
அக்கா


வீடு,
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு மெஷினுக்குப் போனாள்.

நான் யாருடைய துணியையும் பாழாக்கவில்லை. எதையும் உடைக்கவில்லை. அம்மாவிடம் மறைப்பதற்காக வேலை செய்யவில்லை. வேலை செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. மரியாதையாக எழுதியது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. இனி அப்படி எழுதவில்லை.

ஜன்னல் கட்டிலில்தான் படுக்கிறேன். அதற்கு நேர் மேலே சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். விடிந்ததும் அது தூங்கப் போகும், நான் எழுந்து டீ போடுவேன்.

நேற்று அம்மா என் தலையில் கை வைத்தாள். மெஷின் ஓட்டிய கை, சூடாக இருந்தது. அவள் எடுக்கும்வரை நான் அசையவில்லை.

எனக்குப் புதுச் சீருடை தைக்கப் போகிறாள். அளவெடுத்தாள். தோளை மட்டும் அளந்துவிட்டு, டேப்பை உதறி, மறுபடியும் அளந்தாள். உனக்கும் அப்படித்தான் இரண்டு தடவை அளப்பாளா?

சோடாபுட்டி இப்போது கடைக்கு வருவதில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான். கண்ணாடிக் கொட்டகைக்கு நான் போவதில்லை. இங்கே வந்த பிறகு ஒரு தடவையும் போகவில்லை.

உன் படிப்பைப் பற்றி எழுது. பொய்ப்பல் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
வாண்டு


பயிற்சி விடுதி,
ஜூன் 25

வாண்டு,

இங்கே வந்த பிறகு என்றால் என்ன அர்த்தம்? எங்கேயிருந்து வந்தாய்? பிறந்ததிலிருந்து நீ அந்த வீட்டைத் தாண்டி, மிஞ்சிப் போனால் பஸ் நிலையம் வரை போயிருக்கிறாய்.

பொய்ப்பல் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். வாயை அச்செடுத்து, மெழுகில் பல்லை அடுக்கி, பிறகு பிளாஸ்டிக்கில் வார்ப்போம். என் முதல் செட்டைப் பல்லெல்லாம் முத்து மாதிரி வரிசையாக வைத்துப் பெருமையாக நீட்டினேன். லேப் மாஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத மாட்டிக்கிட்டு அந்தம்மா வாயத் திறந்தா தெருவே கண்டுபிடிச்சிடும். நெஜப்பல்லு இப்படியா இருக்கும்? ஒரு பல்லக் கொஞ்சம் திருப்பி வை" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது உன் கடிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நீ ஃபோனுக்கு வரவில்லை. உனக்குத் தொண்டை கட்டவில்லை, காய்ச்சல் இல்லை, சும்மா வரவில்லை. அம்மா இன்னொன்றும் சொன்னாள். "எல்லா வேலையும் செய்யறா, ஊசி கத்தரிய மட்டும் தொட மாட்டேங்கறா. பட்டன் வெச்சுக் குடுன்னா, வேற ஏதாவது வேலைய இழுத்துப் போட்டுக்கறா." அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது போலத் தோன்றியது. வார்டனம்மா பக்கத்தில் இருந்ததால் துருவிக் கேட்க முடியவில்லை.

சரி, அதை விடு. என் அறைத் தோழிக்கு நம் வீட்டுக் கதைகள் என்றால் உயிர். சின்ன வயதில் கடையில் ஊசி மிதித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதி மறந்துவிட்டது. யாருக்குக் குத்தியது, எந்தக் கால், யார் அழுதது, எப்படி எடுத்தார்கள்? விவரமாக எழுது. உனக்குத்தான் இந்த மாதிரிக் கதையெல்லாம் அத்துப்படி.

அக்கா


வீடு,
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நான் எழுதியது சரிதான். இங்கே வந்த பிறகு கொட்டகைக்குப் போகவில்லை.

ஃபோன் கம்பி வழியாக என் குரல் வராது. நான் பேசினாலும் உனக்கு இரைச்சல்தான் கேட்கும். அதனால் வரவில்லை. இரும்பு எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் ஊசியைத் தொடவில்லை. வெளிச்சம் மங்கிவிட்டால் அம்மாவுக்கு நூல் கோக்கக் கண் தெரிவதில்லை. ஊசியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நூலை எச்சில் பண்ணி, குறி தவறித் தவறி வைக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் எனக்கு இந்த வீட்டில் கஷ்டமாக இருக்கிறது.

ஊசிக் கதை இது. ஊசி குத்தியது உனக்கு. இடது குதிகால். ஒரு கோட்டுக்கு லைனிங் பிரித்துக்கொண்டிருந்த அம்மா ஊசியைத் தரையில் தவறவிட்டிருந்தாள். நீ பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாய். பாதி ஊசி உள்ளே போய் உடைந்துவிட்டது. நீ அழவில்லை. பக்கத்தில் நின்ற சின்னவள்தான் வீடே இடிகிற மாதிரி அழுதாள். ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். உனக்கு இன்னும் தழும்பு இருக்கும்.

அறைத் தோழிக்குக் கதை பிடித்ததா என்று எழுது.

சோடாபுட்டியின் அம்மா நேற்றுக் கடைக்கு வந்தார். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லையாம், எதைக் கொடுத்தாலும் மண்ணாக இருக்கிறது என்கிறானாம். கொட்டகையில் கொடுக்கும் பழத்தைத் தின்றிருப்பான். கொஞ்சநாளில் சரியாகிவிடும்.

அன்புடன்,
வாண்டு


(தபாலில் போடாத கடிதம்)
ஜூலை 7

என் வாண்டுக்கு,

இதைத் தபாலில் போட மாட்டேன். போட்டால் அவள் கையில்தான் கிடைக்கும். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது, அதனால் உன்னிடமே சொல்கிறேன். எழுதி முடித்ததும் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிடப் போகிறேன்.

ஊசி எனக்குத்தான் குத்தியது. அவள் எழுதியதில் ஒரு எழுத்து தப்பில்லை. இப்போதுகூடக் காலைத் தூக்கித் தழும்பைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் நீ என்றைக்காவது அந்தக் கதையை அப்படிச் சொல்லியிருக்கிறாயா? பள்ளியில், தெருவில், கடைக்கு வருகிறவர்களிடம், என் எதிரிலேயே, வாய் கூசாமல், "எனக்கு ஊசி குத்தி ஆஸ்பத்திரியில கீறி எடுத்தாங்க, நான் அழவே இல்ல" என்று சொல்லுவாய். தழும்பைக் காட்டு என்று யாராவது கேட்டால் மறைந்துவிட்டது என்பாய். நான் காலைத் தூக்கிக் காட்டினால், "அது வேற தழும்பு, இவ சைக்கிள்ல விழுந்தா" என்பாய். எத்தனை சண்டை! கழுத்தில் கத்தி வைத்தாலும் நீ அதை விட்டுக் கொடுக்க மாட்டாய்.

அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள் வாண்டு. எல்லாக் கடிதத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். ஒரு பொய் இல்லை. தலைவலி என்றுகூட ஒரு சின்னப் பொய் இல்லை. உன் கையெழுத்து, உன் பெயர், உன் கட்டில், ஆனால் ஒரு பொய்கூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போடாமல் சோடாபுட்டி வீட்டுக்கு ஃபோன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டான். "அக்கா, அது வாண்டு இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் உள்ள போனோம். நான் மட்டும்தான் வெளிய வந்தேன். ஓட்டமா ஓடி உங்க கடைக்கு வந்து பாத்தா, அவ எனக்கு முன்னாடியே வந்து உக்காந்து துணி மடிச்சிட்டிருக்கா. என்னப் பாத்து, வாங்கன்னு சொல்றா." வார்டனம்மா என்ன விஷயம் என்று கேட்டார். அவன் தேர்வில் தோற்றுவிட்டான் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் உன் வாய் வந்துவிட்டது.

நீ சொன்னபோது நான் சிரித்தேன். கதை நன்றாயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் சொல் என்றேன். நீ ஆயுசிலேயே ஒரே ஒரு தடவை உண்மை சொல்லியிருக்கிறாய், அதைப் போய்.

அக்கா


பயிற்சி விடுதி,
ஜூலை 7

வீட்டில் இருப்பவளுக்கு,

நீ என் தங்கை இல்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதே, சொல்ல மாட்டேன்.

யார் நீ? அவள் எங்கே? என் அம்மாவின் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் உன்னை விட மாட்டேன்.


வீடு,
ஜூலை 14

அன்புள்ள அக்கா,

நான் உன் தங்கை இல்லை. அக்கா என்று கூப்பிடாதே என்று நீ சொல்லவில்லை, அதனால் கூப்பிடுகிறேன்.

நான் கொட்டகையிலிருந்து வந்தவள். எங்களில் யாருக்கும் பெயர் கிடையாது. மினுக்கிகள் என்று அவள் வைத்ததைத்தான் இப்போது எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம். எங்களுக்குப் பொய் வராது. நாக்கில் வைத்தாலே கசக்கும். அதனால் நான் எழுதுவதை நீ நம்பலாம். நம்ப மாட்டாய் என்றும் தெரியும்.

அவள் கொட்டகையில் இருக்கிறாள். அவளை நாங்கள் பிடித்துக்கொண்டு போகவில்லை. நீ கிளம்பிப் போன அன்று அம்மா கடையில் மெஷின்மேல் தலை சாய்த்துக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரின் மனைவியிடம் சொன்னாளாம். "நல்லது போயிடுச்சு. இனிமே இது ஒண்ணக் கட்டிக்கிட்டு அழணும்." சின்னவள் வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் இருந்தாள். சோடாபுட்டியையும் இழுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்தாள். உன்னைப்போல ஒன்றை உன் இடத்தில் வைக்கிறோம், நீ இங்கே இருந்துவிடு என்றோம். "அது நல்ல பொண்ணா இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றோம். "எங்கம்மாவ எதுத்துப் பேசாதில்ல?" என்று கேட்டாள். பேசாது என்றோம். "அப்ப சரி" என்றாள்.

அவளுடைய ஞாபகத்தை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் நான் வந்தேன். ஞாபகத்தில் பொய் இருக்காது. அதனால் எங்கே தவறினேன் என்று எனக்குப் புரியவில்லை. எந்த வார்த்தையில் கண்டுபிடித்தாய்? சொன்னால் திருத்திக்கொள்வேன்.

அவள் திரும்ப வழி இருக்கிறது. கேட்காமல் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்தேன், அவள் எங்கே என்று நீ கேட்டுவிட்டாய். அவளையும் என்னையும் அறிந்த ஒருவர், அவள்தான் வேண்டும் என்று என்னிடம் கேட்க வேண்டும். அதில் ஒரு பொய்கூடக் கலந்திருக்கக் கூடாது. கலந்தால் எனக்குக் கசந்துவிடும், கேட்டது செல்லாது. பொய்யில்லாமல் கேட்டால் நான் போயாக வேண்டும். கொட்டகைமேல் படர்ந்திருக்கும் கொடி பூத்துவிட்டால் அதன்பிறகு யார் கேட்டும் பயனில்லை. மொட்டு வந்துவிட்டது.

நீ நேரில் வராதே. கொட்டகைப் பக்கம் போய் எங்கள் பாட்டைக் கேட்டால் நீயும் இருந்துவிடுவாய். எழுது.

கேட்பதற்கு முன் ஒன்றை யோசித்துப் பார். அம்மா இப்போது கத்துவதில்லை. மதியம் கொஞ்சம் படுக்கிறாள். முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

அன்புடன்


பயிற்சி விடுதி,
ஜூலை 20

உனக்கு,

நேரில் வராதே என்று நீ சொல்வது என்னைத் தூரத்தில் நிறுத்தி வைப்பதற்கா என்று நாளெல்லாம் யோசித்தேன். எங்கே கண்டுபிடித்தாய், திருத்திக்கொள்கிறேன் என்கிறாயே. திருத்திக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்? அதைக் கடைசிவரை சொல்ல மாட்டேன். ஊருக்குக் கிளம்பலாம் என்று வார்டனம்மாவிடம் விடுப்புக் கேட்டேன். காரணம் கேட்டார். என்ன சொல்வது? விடுப்பு இல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன். இது பொய்யில்லாமல் எழுத முயன்ற கடிதம். அடித்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன். மறைத்தால் அதுவும் பொய்யாகிவிடுமோ என்று பயம்.

"என் தங்கை நல்லவள்" என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். சர்க்கரை டப்பாவைக் காலி செய்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தைமேல் பழி போட்டவள் அவள்.

"அவள்மேல் நான் எப்போதும் உயிராக இருந்தேன்" என்று எழுதினேன். எப்போதும் என்பதை அடித்தேன். என் ரெக்கார்ட் நோட்டில் எலும்புக்கூட்டுப் படத்துக்கெல்லாம் மீசை வரைந்த அன்று இல்லை. நான் விரும்பிய பையனிடம் போய் எனக்கு ஏற்கெனவே நிச்சயமாகிவிட்டது என்று சொன்ன அன்று இல்லவே இல்லை.

"அம்மாவுக்கு அவள்தான் வேண்டும்" என்று எழுதினேன். எனக்குத் தெரியாது. அடித்தேன்.

"உன்னை வெறுக்கிறேன்" என்று எழுதினேன். நூல் கோக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. அதையும் அடித்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தால் எது நிஜம், எது புளுகு என்று கண்டுபிடிப்பதிலேயே என் பாதி வயது போயிற்று. இங்கே யாரும் என்னிடம் பொய் சொல்வதில்லை, எனக்குச் சலிப்பாக இருக்கிறது. விடுதியில் யாராவது அவளைப்போல நூலைப் பல்லால் கடித்து அறுத்தால் திரும்பிப் பார்க்கிறேன். வேடிக்கையாக ஏதாவது நடந்தால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று மனசில் எழுதிக்கொள்கிறேன், பிறகு அதைப் படிக்கப் போவது நீ என்று ஞாபகம் வந்து நிறுத்திவிடுகிறேன். எனக்கு நல்ல தங்கை வேண்டாம். நீ அவளைவிட நல்லவள், அவளைவிட அம்மாவுக்கு உதவி, அவளைவிட அழகாக எழுதுகிறாய். எனக்கு அவள்தான் வேண்டும். எதற்கும் உதவாதவளாக, எப்படிப் போனாளோ அப்படியே.

திருப்பிக் கொடு.

வாண்டுவின் அக்கா


வீடு,
ஜூலை 28

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ஒவ்வொரு வரியாக நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடித்த இடங்கள் மட்டும் கசந்தன, நீயே அடித்துவிட்டதால் அவை கணக்கில் சேராது. மற்ற எங்கேயும் இல்லை.

போகிறேன். எனக்குப் போக விருப்பம் இல்லை. அதை எழுதாமல் விட்டிருக்கலாம்தான். எழுத வேண்டும் போலிருந்தது.

கொடி இன்னும் பூக்கவில்லை. இன்று சாயங்காலம் அம்மா பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போகும்போது கிளம்புவேன். அவளிடம் வாங்கிக்கொண்ட ஞாபகத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அம்மாவின் கைச்சூடு மட்டும் என்னுடையது, அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

புதுச் சீருடை தைத்தாகிவிட்டது. எனக்குத் தோள் சரியாக உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அம்மா அளவு தப்பமாட்டாளே என்று யோசித்தேன். பிரித்துத் தைக்கலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, போட வேண்டியவங்க போட்டுக்கட்டும்" என்றாள். உள்ளே போய் மடித்து வைத்துவிட்டாள்.

நேற்று அம்மா தூங்கும்போது கடையில் இருந்த ஊசிகளில் எல்லாம் நூல் கோத்துப் பஞ்சில் குத்தி வைத்திருக்கிறேன். வெள்ளை, கறுப்பு, நீலம். விரல் கொப்பளித்துவிட்டது. கொஞ்சநாளுக்கு அவளுக்குப் போதும்.

எந்த வார்த்தையில் கண்டுபிடித்தாய் என்று இனிமேல் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் யோசித்துக்கொண்டேதான் போவேன்.

உன் இன்னொரு தங்கை என்று எழுத ஆசையாக இருந்தது. கசந்தது. அதனால் ஒன்றும் எழுதவில்லை.


வீடு,
ஆகஸ்ட் 6

ஏய் ஹெட்மிஸ்ட்ரஸ்,

என்னவோ அம்மா உனக்கு உடனே கடிதம் எழுது, உடனே எழுது என்று உயிரை எடுக்கிறாள். என்ன எழுத? இங்கே ஒரு விசேஷமும் இல்லை. நான் எங்கேயும் போகவில்லை. இவ்வளவு நாளும் வீட்டில்தான் இருந்தேன், பாத்திரம் கழுவிக்கொண்டு. வேண்டுமானால் அம்மாவைக் கேட்டுக்கொள். சோடாபுட்டி ஏதாவது உளறினால் நம்பாதே, அவனுக்கு ஏதோ கண்ட பழத்தைத் தின்று வயிறு சரியில்லை. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு கத்துகிறான், மானம் போகிறது.

நான் அழவே இல்லை. அங்கே பாட்டுகூட அப்படியொன்றும் நன்றாக இல்லை. எங்கே என்று கேட்காதே.

அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. போன வாரம் சும்மா கொல்லைப்புறம் போய்விட்டு வந்தேன். காலெல்லாம் சேறு, அவ்வளவுதான். அம்மா பட்டன் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டாள். காது அடைத்துவிட்டது. "எங்கடி போன?" என்றாள். எங்கேயும் போகவில்லை என்றேன். இன்னொரு அறை. பிறகு கழுத்திலிருந்த டேப்பை எடுத்து என் தோளை அளந்தாள். வலது, இடது. மறுபடியும் இடது. "இடது தோள் இறக்கம் அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பெற்ற பிள்ளைக்குத் தோள் கோணலாக இருக்கிறது என்று இப்படியா அழுவது? அப்புறம் உள்ளே போய்ப் புதுச் சீருடையைக் கொண்டுவந்து என் மேல் போட்டுப் பார்த்தாள். அச்சடித்த மாதிரி உட்கார்ந்தது.

"நான் அன்னிக்கு சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள். எது என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொய்யி" என்று சொல்லிச் சிரித்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

கடையில் இருக்கிற அத்தனை ஊசியிலும் யாரோ நூல் கோத்து வைத்திருக்கிறார்கள். நீயா கோத்தாய் என்று அம்மா கேட்டாள். நான்தான் என்று சொல்லிவிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில்? அம்மா சரி என்றாள். ஆனால் அந்த ஊசிகளை எடுத்துத் தைக்கவே மாட்டேன் என்கிறாள். எனக்கும் கை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. புது ஊசி வாங்கியிருக்கிறோம், அதில் நான்தான் கோத்துக் கொடுக்கிறேன். சும்மா இல்லை, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு வயிற்று வலி.

ஜன்னல் கட்டில் என்னுடையது. விடுமுறைக்கு வந்து அதைக் கேட்டாயோ, நடப்பதே வேறு. அங்கே படுத்தால் ஒரு பல்லி என்னையே முறைத்துப் பார்க்கிறது, யாரையோ தேடுகிற மாதிரி. விரட்டலாம் என்று துடைப்பத்தை எடுத்தேன், பாவம் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம், அதைத் தீர்க்காமல் இந்தக் கடிதத்தை முடிக்க மாட்டேன். நேற்றுக் கடையில் வெறுங்காலோடு நடந்தேனாம். "உங்க அக்காவுக்கு குத்தின மாதிரி குத்திக்கப் போற, செருப்பப் போடுடி" என்று வந்திருந்த வாடிக்கையாளர்கள் எதிரில் அம்மா சத்தம் போடுகிறாள். நீ அவளுக்கு என்னதான் ஓதி வைத்திருக்கிறாய்? ஊசி குத்தியது எனக்கு. எனக்குத்தான். இடது குதிகால், பாதி ஊசி உள்ளே, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள், நான் அழவே இல்லை. மழை வந்தால் இன்றைக்கும் வலிக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் வந்து பார்த்துக்கொள்.

வாண்டு